எடைமேடையாரும் ஒரு கிண்ணம் தாய்லாந்துச் சாறும்

நிறுத்துப் பார்க்காமல் உலகில் எதையும் நம்பாத மனிதர் ஒருவரே உண்டு. அவர் பெங்களூர்க் காக்ஸ் டவுனில் என் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தார். அரிசியை நிறுத்து வாங்குவோர் பலர். தலையணையை நிறுத்து வாங்கியவர் அவர் மட்டுமே. செய்தித்தாள் முகவரை வழிமறித்து, "செவ்வாக்கெழம பேப்பர்ல வெயிட்டே இல்லியே, ஊர்ல ஒண்ணும் நடக்கலியா இன்னா" என்று முறையிட்டவரும் அவரே. மழை பெய்தால் மொட்டைமாடியில் வாளியை வைப்பார். நின்றதும் அதைக் கொக்கித் தராசில் மாட்டி முள்ளைப் பார்ப்பார். "நேத்து பேஞ்சது மழ வாத்தியாரே. இன்னிக்கு வெறும் சவுண்டு." இதுதான் எங்கள் தெருவுக்குக் கிடைத்த வானிலை அறிக்கை.

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எல்லாருக்கும் அவர் வேபிரிட்ஜ். எனக்கு அச்சொல் நாவில் ஒட்டாமையால் எடைமேடையார் என்றேன். இரண்டு பெயருக்கும் ஒரே முகத்தோடு திரும்பிப் பார்ப்பார்.

பீன்யாவில், இரும்புக் கிடங்குகளுக்கு நடுவே, சரக்குந்துகளை நிறுக்கும் மேடை ஒன்றில் தம் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர். வண்டி வெறுமையாக உள்ளே வரும்போது மேடைமேல் ஏறும். இரும்பு ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது மீண்டும் ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வேறுபாடே சரக்கு. இந்த எளிய கழித்தல், பணி ஓய்வுக்குப் பிறகு அவருக்குச் சமயமாகிவிட்டது. "உள்ள வர்றப்ப ஒரு வெயிட்டு, வெளிய போறப்ப ஒரு வெயிட்டு. நடுவுல இன்னா ஏத்துனாங்கன்றத டிரைவர் சொல்லக் கூடாது, மேடதான் சொல்லணும்" என்பார். மேடை பீன்யாவிலேயே நின்றுவிட்டதால், மனைப்பலகை போன்ற தட்டையான எடைப்பொறி ஒன்றை வாங்கி, கொக்கித் தராசோடு சேர்த்து ஒரு மஞ்சள் பையில் எங்கும் சுமந்து திரிந்தார்.

என் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கு அவரையும் அழைத்துச் சென்றேன். உணவுக்கூட வாயிலில் பொறியை வைத்து ஏறி இறங்கினார். உண்டார். வெளியே வந்ததும் மீண்டும் ஏறினார். பிறகு நேரே பெண்ணின் தந்தையிடம் சென்று, "உங்க சாப்பாடு எம்மேல முக்கா கிலோ நிக்குது சார். போன மாசம் சிவாஜிநகர்ல ஒரு கல்யாணம், அரை கிலோ தேறல" என்றார். அந்தத் தந்தை அதைத் தமக்குக் கிடைத்த விருதுபோல் இன்றுவரை சொல்லி மகிழ்கிறார்.

எதிர்வீட்டு முதியவர் இறந்த அன்று, பாடையைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று எல்லாரும் தயங்கி நின்றோம். எடைமேடையார் ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு, நால்வர் போதும், ஐந்தாவது ஆள் சும்மா கூட நடந்து வரலாம் என்றார். இறந்தவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு, கடைசி ஓராண்டாக அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று இவரிடம் விளக்கம் கூறினார். இவரும் ஒரு மேலதிகாரியைப்போல் அவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

இவை எல்லாவற்றையும் விட வியப்பானது அவருடைய சொந்த எடை. அது அறுபத்திரண்டு கிலோ. அன்றும் இன்றும் என்றும் அறுபத்திரண்டு. பீன்யாவில் நாள்தோறும் முதல் வண்டி வருமுன் அவரே மேடையில் ஏறி நிற்பாராம். அது அறுபத்திரண்டு காட்டினால் மேடை நலமாக இருக்கிறது. வேறு ஏதேனும் காட்டினால் பழுதுபார்ப்பவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அத்தனை பெரிய மேடைக்கு ஓர் ஆளின் எடை கண்ணில் படுமா என்று நான் ஐயுற்றதுண்டு; அவர் ஐயுற்றதில்லை. "கவர்மெண்டு படிக்கல்லு வருசத்துக்கு ஒருவாட்டி வரும். நான் டெய்லி வர்றேன்ல" என்பார். காலையில் ஓர் இட்டலி கூடினால் இரவில் அதே அளவு குறைப்பார். காய்ச்சல் வந்தபோதுகூட எடை மாறாமல் காய்ந்தார். பொறிகள் தவறு செய்யும், தாம் செய்வதில்லை என்பதில் அவருக்குச் சிறிதும் ஐயமில்லை. படிக்கல் தன்னைத்தானே ஐயுறலாகுமா?

இனி என் முழங்காலுக்கு வருகிறேன்.

என் நூலகம் மாடியில் இருக்கிறது. தமிழாசிரியனாக இருந்த காலமெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்த நூல்கள். வலது முழங்கால் தேய்ந்து, படியேறுவது இயலாமற்போன பிறகு, கீழே கட்டிலில் அமர்ந்தபடி கூரையைப் பார்ப்பதே என் படிப்பாயிற்று. வேண்டிய நூலை எடுத்துவரும் பொறுப்பை எடைமேடையார் ஏற்றார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. நான் அகராதியின் மூன்றாம் தொகுதியைக் கேட்டால், அதை மாடியிலேயே நிறுத்துப் பார்த்து, முழங்காலுக்கு ஆகாது என்று முடிவுகட்டி, அருகில் இருந்த சமையற்குறிப்பு நூல் ஒன்றை எடுத்துவருவார். அகராதியைப் படிப்பது மடியில் என்றும், மடிக்கும் முழங்காலுக்கும் எட்டாத தொலைவில்லை என்றும் அவர் வாதம். இவ்வாறு பல திங்கள் நான் ஊறுகாய் வகைகளைக் குறித்து ஆழமாகக் கற்றேன்.

எலும்பு மருத்துவர் முழங்காலை மாற்றிவிடலாம் என்றார். ஆனால் ஒரு கோடு வரைந்தார். எடை இந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் அறுவை. குறித்த திங்கட்கிழமை காலையில் வராவிட்டால் அந்த நாள் வேறொருவருக்குப் போகும். எனக்கு மறுபடி நாள் கிடைப்பது அடுத்த ஆண்டாகவும் இருக்கலாம். அடுத்த ஆண்டுவரை ஊறுகாய் படிக்க எனக்கு மனமில்லை. என் மகள் கயல்விழி உணவைக் குறைத்தாள். எடைமேடையார் விடியற்காலையில் வாயிலில் பொறியோடு காத்திருந்தார். குறையத்தான் செய்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோட்டுக்கும் எனக்கும் இடையே ஒரு நடுத்தரக் கொய்யாப்பழத்தின் எடையளவு இடம் கிடைத்திருந்தது.

"இன்னிக்கி பூரா ஒரு கொய்யாக்குள்ள முடிச்சிக்கணும்" என்றார் எடைமேடையார்.

இரவில் உறங்கும்போது உடலெடை தானே சற்றுக் குறையும் என்று கயல் எடுத்துச் சொன்னாள். அவர் அதை ஏற்கவில்லை. "நிக்க வச்ச லாரி எங்கியாச்சும் எளைக்குமாம்மா?"

அந்த ஞாயிறுதான் கயலுக்குப் பதவி உயர்வு கிடைத்ததற்கான விருந்து. அவள் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறாள். இந்திராநகரில் உள்ள ஒரு தாய்லாந்து உணவகத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்தாள். நானும் அவரும் அவ்வுணவைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. மறுநாள் நிறுத்தலை வைத்துக்கொண்டு விருந்தா என்று நான் தயங்கினேன். தேர்ந்தெடுத்து உண்டால் நம் ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியைவிட அது எவ்வளவோ மேல் என்று வண்டியில் போகும்போதே பாடம் நடத்தினாள். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பைத் தொடக் கூடாது. தெளிந்த சாறு குடிக்கலாம். பொரித்தது வேண்டாம், ஆவியில் வெந்தது நல்லது. பச்சைப் பப்பாளியைச் சீவி எலுமிச்சை பிழிந்த கலவை ஒன்று உண்டு, அதை வயிறார உண்ணலாம். வேர்க்கடலைக் குழைவைத் தனியே தரச் சொல்ல வேண்டும். இனிப்பிட்ட குளிர்தேநீரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் காரணம் கலோரி என்றாள்.

பின்னிருக்கையில் மஞ்சள் பையோடு இருந்தவர் முன்னால் சாய்ந்தார். "கலோரி கலோரின்றியேம்மா, அத எந்த மேடைல ஏத்துனா தெரியும்?"

நான் குறுக்கிட்டு, அது உணவில் உறையும் வெப்ப ஆற்றலின் அலகு என்று பொறுமையாக விளக்கினேன். அவர் கொக்கித் தராசை என் பக்கம் நீட்டி, "மாட்டிக் காட்டுங்க" என்றார்.

உணவக வாயிலில், நடைபாதையிலேயே, பொறியை வைத்து என்னை ஏறச் செய்தார். உள்ளே போகும் வண்டியின் எடை தெரிய வேண்டுமல்லவா? நான் இறங்குவதற்குள் பின்னால் மூவர் வரிசையில் நின்றார்கள். அவர்களுள் ஒருவர் காலணியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார். எடைமேடையார் தம் பணிக்கால முறைமை மாறாமல் ஒவ்வொருவரையும் ஏற்றி, எடையை உரக்கக் கூவி, "எறங்கிக்கோ, அடுத்தது" என்று அனுப்பிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இந்திராநகர் நடைபாதையில் தம் எடை உரக்க அறிவிக்கப்பட்ட ஓர் அம்மையார், உணவகத்துக்குள் நுழைய வந்தவர், நுழையாமல் திரும்பிச் சென்றார்.

உள்ளே கயல் நல்லபடியாகத்தான் தொடங்கினாள். எனக்குத் தெளிந்த சாறு, பப்பாளிக் கலவை, எலுமிச்சை சேர்த்து ஆவியில் வேகவைத்த மீன். தனக்கென்று ஒரு கூடை இறால் வறுவல், நம் அப்பளம் போன்றது. சில பொரித்த சுருள்கள். எல்லாம் மேசைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் அவள் கைப்பேசி ஒலித்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் விழக்கூடிய ஏதோ ஒன்று அலுவலகத்தில் விழுந்துவிட்டது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடுமுன், "அப்பா, சூப்பு, சாலட், மீனு, அவ்ளோதான். பொரிச்சதக் கையில தொடக் கூடாது. அங்கிள், நீங்க பாத்துக்கங்க" என்றாள்.

"நீ போம்மா. நான் இருக்கேன்ல."

அவள் கதவைக் கடந்ததும் அவர் மேசையில் மடித்து வைத்திருந்த கைத்துணியை விரித்தார். சாற்றுக் கிண்ணத்தை நடுவில் வைத்து நான்கு முனைகளையும் முடிந்து கொக்கியில் மாட்டித் தூக்கினார். முள் சரிந்து இறங்கியது. முகம் மாறியது. பீன்யாவில், அளவுக்கு மேல் சரக்கேற்றிய வண்டியைக் கண்டால் இப்படித்தான் மாறியிருக்க வேண்டும்.

"வாத்தியாரே, இது சூப்பா, படிக்கல்லா? ரெண்டு கொய்யா தாண்டிப் போவுது. இதப் போய்க் குடிக்கச் சொல்லுது பொண்ணு."

அடுத்துப் பப்பாளிக் கலவை. ஈரம், அதனால் எடை. மீன், அதனினும் எடை. ஒவ்வொன்றும் முடிச்சில் தொங்கி, குற்றம் உறுதியாகி, மேசையின் அவர் பக்கத்துக்கு நகர்ந்தது. கடைசியாக இறால் வறுவல் கூடையைத் தூக்கினார். முள் அசையவே இல்லை. தராசைத் தட்டினார், அப்போதும் அசையவில்லை. கருவறைத் திரை விலகியதுபோல் அக்கூடையைப் பார்த்தார்.

"இதான் வாத்தியாரே சாப்பாடு. இருக்குது, ஆனா இல்ல."

கயல் சொன்னதை நினைவூட்டினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "நாளைக்கி டாக்டரு உங்கள கலோரி மேலயா ஏத்தப் போறாரு? வெயிட்டு மேலதான ஏத்தப் போறாரு?" பசியும் இருந்தது. வறுவல் மணமும் இருந்தது. நான் கூடையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

பொரித்த சுருள்களில்தான் அவருடைய முறைமை முழுமை பெற்றது. ஒரு சுருளைப் பிரித்தார். உள்ளே முட்டைக்கோசும் கேரட்டும் இருந்தன. "உள்ள இருக்கறதுதான் லோடு" என்று சொல்லி, காய்களை எல்லாம் வழித்துத் தம் வாயில் போட்டுக்கொண்டு, எண்ணெயில் மொறுமொறுத்த வெறும் தோலை என் தட்டில் வைத்தார். ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே செய்தார். பிள்ளைக்கு முள் எடுத்து மீன் ஊட்டும் கவனம் அதில் இருந்தது. தண்ணீர் கேட்டேன். ஒரு குவளை ஒரு கொய்யா என்று சொல்லி, குவளையையும் எடுத்துத் தாமே குடித்தார்.

இதற்குள் உணவகத்தின் மேலாளர் எங்களைக் கவனித்துவிட்டார். ஒருவர் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டுகிறார், முள்ளைப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார். எடையளவுத் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர அவர் வேறென்ன நினைப்பார்? கைகுவித்தபடி வந்து, "எல்லா கரெக்டாகே இதெ சார்" என்று கன்னடத்தில், எல்லாம் சரியாகவே இருக்கிறது எனத் தொடங்கி, அடுக்களைத் தராசையே கொண்டுவந்து மேசையில் வைத்தார். எடைமேடையாருக்கு உள்ளம் குளிர்ந்தது. தாமும் கன்னடத்திலேயே, தராசை வைத்திருக்கும் நேர்த்தியைப் பாராட்டி, அதன் திருகாணிகளுக்கு எப்போது எண்ணெய் இட வேண்டும் என்று சில அறிவுரைகளும் வழங்கினார். ஆய்வாளர் நிறைவடைந்தார் என்று எண்ணிய மேலாளர், தலைமைச் சமையற்காரர் தம் நாட்டுக் காரத்திலேயே ஆக்கித்தரும் சிறப்புச் சாறும் சிறப்புப் பப்பாளிக் கலவையும் உணவகத்தின் அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். இரண்டும் முந்தியவற்றைவிடப் பெரிய கிண்ணங்கள். கலவையில் பச்சைமிளகாய் பப்பாளியைவிட அதிகம்.

அவற்றையும் நிறுத்தார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு உண்ணத் தொடங்கினார்.

மூன்றாம் கவளத்தில் காது சிவந்தது. அதன்பின் விக்கல். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து அங்கேயே நின்றது. போதும், வைத்துவிடுங்கள் என்றேன். தலையை ஆட்டினார்.

"நான் வச்சா நீங்க எடுப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்கள."

உண்மையைச் சொன்னால் நான் அதற்குள் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டிருந்தேன். "அப்ப உங்க அறுபத்திரண்டு என்னாவது?" என்று கேட்டேன். இத்தனை காலம் காத்த எடை. இரண்டு சாறும் இரண்டு கலவையும் ஒரு முழு மீனும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடுமே என்று எனக்கே கவலையாக இருந்தது.

விக்கலுக்கு நடுவே சொன்னார்: "அது கெடக்குது. நீங்க மேல ஏறிப் படிக்கணுமா வேணாமா?"

கயல் திரும்பி வந்தபோது, தந்தை வாயில் கடைசிச் சுருளின் தோலும் அங்கிள் வாயில் கடைசிக் கரண்டிச் சாறும் இருந்தன. காலிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அங்கிள், நான் சொன்னத அப்படியே தலைகீழாப் பண்ணி வச்சிருக்கீங்க."

அவருக்கு மிளகாயில் நாக்கு மரத்துப்போயிருந்தது. வெளியே வந்து பொறியை வைத்து என்னை ஏறச் செய்தார். உள்ளே போன எடையைக் கழித்தார். ஒரு கொய்யாவுக்குள்தான் இருந்தது. விரலால் பொறியைச் சுட்டிக்காட்டிவிட்டு, வண்டியின் பின்னிருக்கையில் போய்ச் சாய்ந்துகொண்டார். கயல் வழிநெடுக, இந்த எண்ணெய் அடுத்த வாரம் எங்கே போய் உட்காரும் என்பதைத் தன் தந்தைக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். அன்றிரவு பின்கட்டுக் கதவு திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தது. மழைக்கு வாளி வைக்கிறார் என்று எண்ணி நான் உறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மருத்துவமனையில் வரிசை நீண்டிருந்தது. மஞ்சள் பையை வாயிற்காவலர் வெளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். என் முறை வந்தது. செவிலி என்னைப் பொறியில் ஏற்றினார். கோட்டுக்குக் கீழேதான், மயிரிழையளவு. கயல் பெருமூச்சு விட்டாள். செவிலி எண்ணைக் குறிக்கப் பேனாவைத் திறந்தபோது, பின்னால் நின்றிருந்த எடைமேடையார், வெளிறிய முகத்தோடு, சரிபார்ப்பு முத்திரை குறித்த தம் பணிக்காலத்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இந்த மெசினுக்கு சீலு எப்ப வச்சாங்க சிஸ்டர்?"

செவிலிக்குத் தெரியவில்லை. அப்படியானால் சரிபார்த்துவிடலாம் என்று சொல்லி, காலணியைக் கழற்றிவிட்டு, படிக்கல்லாகத் தாமே ஏறி நின்றார்.

அறுபதரை.

இறங்கினார். மீண்டும் ஏறினார். அறுபதரை. சுவரில் கைபடாமல், மூச்சை விட்டு, நேரே பார்த்து நின்றார். அறுபதரை. அவர் முகத்தில் இருந்தது அச்சமா துயரமா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு மேடை பொய் சொல்வதைக் கண்டுகொண்டு வாய்மூடி இருக்க அவருக்குப் பழக்கமில்லை.

"மெசினு கம்மியாக் காட்டுது" என்றார். "ஒன்றரை கிலோ."

செவிலியின் பேனா நின்றது. பொறி ஒன்றரைக் கிலோ குறைவாகக் காட்டுமானால் நான் கோட்டுக்குக் கீழே இல்லை, மேலே நிற்கிறேன். பேச்சுக் கேட்டு மருத்துவர் வெளியே வந்தார். கறாரான மனிதர். மற்றொரு பொறி பழுதுபார்க்கப் போயிருக்கிறதாம். இந்த எண்ணை வைத்துத்தான் மயக்கமருந்தின் அளவையே முடிவு செய்கிறார்கள், பொறியில் ஐயம் என்றால் இன்று நாள் குறிக்க இயலாது, பழுதுபார்த்தபின் புதிதாகப் பதிந்துகொண்டு வாருங்கள் என்றார். வரிசையில் அடுத்து நின்றவர் ஓரடி முன்னால் நகர்ந்தார். என் மாடிப்படிகள் ஒவ்வொன்றாக என்னைவிட்டு மேலே ஏறிப் போவதுபோல் இருந்தது.

கயல் கோபத்தைக்கூடக் காட்டவில்லை. "அங்கிள்" என்று மட்டும் சொன்னாள்.

எடைமேடையார் பொறியைப் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார். மறுபடியும் பொறியைப் பார்த்தார். தம் வாழ்நாளில் எத்தனை வண்டிக்காரர்கள், மேடைதான் தவறு, நான் சரி என்று அவரிடம் சண்டையிட்டிருப்பார்கள். ஒருவருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது மேடைக்கு எதிரே வண்டிக்காரராக அவரே நின்றார்.

"டாக்டர், மெசினு கரெக்டு" என்றார். "நான்தான் கம்மி."

எப்படி என்று மருத்துவர் கேட்டார். வரிசை முழுவதும் செவி சாய்த்தது. அவர் மறைக்கவில்லை. சாறு எத்தனை கிண்ணம், மிளகாய் எவ்வளவு, பின்கட்டுக் கழிப்பறைக்கு இரவில் எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் தோராயமாக எவ்வளவு இறங்கியிருக்கும் என்பது வரை, எடைமேடையில் கூவும் அதே உரத்த குரலில் முறைப்படி எடுத்துரைத்தார். கூட்டிப் பார்த்தால் ஒன்றரைக் கிலோ சரியாக வந்தது. சொல்லப்போனால் சற்று மேலேயே வந்தது. மிகுந்ததற்குக் காலையில் குடித்த காப்பியைக் கணக்குக் காட்டினார். வரிசையில் இருந்த ஓர் அம்மையார் ஓமத்தண்ணீர் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் மாதுளைத்தோல் என்றார். எங்கள் எலும்பு மருத்துவர் அன்று தம் வாழ்நாளில் முதன்முறையாக, எலும்பு அல்லாத ஒன்றுக்கு, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை எழுதிக் கொடுத்தார். பிறகு செவிலியைப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. முட்டைக்கோசுச் சுருளின் தோல்கள் பிற்பாடு கயல் முன்னறிவித்தபடியே என் இடுப்பில் வந்து அமர்ந்தன; அது வேறு செய்தி. சில வாரங்கள் கழித்து நான் முதன்முறையாகப் படியேறினேன். எடைமேடையார் ஒரு படி பின்னால், என் முழங்கைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தபடி வந்தார். தாங்கவில்லை, வெறுமனே வைத்திருந்தார். மாடியில் நான் நேரே போய் எடுத்தது அகராதியின் மூன்றாம் தொகுதி. அவர் அதை என் கையிலிருந்து வாங்கினார். கொக்கி வெளியே வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மேசைவரை சுமந்து சென்று விரித்து வைத்தார்.

"வெயிட்டுப் பாக்கலியா?" என்றேன்.

"நீங்கதான் ஏறிட்டீங்கல்ல. வுடுங்க" என்றார்.

அதன் பிறகு தம் எடை அறுபத்திரண்டுதான் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. யாரேனும் கேட்டால், அறுபத்திரண்டு பக்கம் என்பார். அந்தப் பக்கம் என்ற சொல், அவர் வாயிலிருந்து வருவது, பெரிய செய்தி.

சென்ற ஆண்டு ஓசூரில் உள்ள தம் மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்துத்தான் வண்டியில் ஏற்றினார். கடைசியாக மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டார். வாரந்தோறும் தொலைபேசியில் அழைக்கிறார். ஓசூர் மழை பெங்களூர் மழையைவிடக் கனம் என்கிறார். பின்கட்டில் இப்போது வேறு குடித்தனம், நல்லவர்கள். ஆனாலும் மாடியில் நூலைத் திறந்துவைத்துக்கொண்டு அமரும்போதெல்லாம் இந்த வீடு எடையிழந்துவிட்டது என்பதை உணர்கிறேன். எவ்வளவு என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர் ஓசூரில் இருக்கிறார்.